ரிஃப் நின்ற பிறகும் ஒலிக்கும் அந்த 'ணிங்'

ஏழுகம்பி:
கிட்டார் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சிறு வரி) ரெக்கார்ட் செய்கிறேன். கேட் (ஒலி ஓர் அளவுக்குக் கீழே போனால் அடைத்துவிடும் கருவி) போட்டாச்சு, ஆம்பின் கெயினும் குறைச்சாச்சு. ட்ரம்ஸ், பேஸ், கிட்டார் எல்லாம் ஒரே அடியில் நிற்கும் இடத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு 'ணிங்'. கேட் அடைக்கும் அளவான த்ரெஷோல்டை ஏற்றினால் பாம் மியூட்டின் (உள்ளங்கையால் கம்பியை லேசாக அமுக்கி வாசிப்பது) வாலும் சேர்ந்து வெட்டுப்படுகிறது. கூட இருந்த நண்பர் நான் வாசிக்கும்போதே எட்டி, ஹெட்ஸ்டாக்கில் (கிட்டாரின் தலைப்பகுதி), கம்பிகளைத் தாங்கும் நட்டுக்கும் முறுக்காணிக்கும் நடுவில் ஓடும் கம்பிகள் மேல் விரலை வைத்தார். சத்தம் போயே போச்சு! இப்போது அங்கே தலைமுடி கட்டும் பேண்ட் மாட்டாமல் ரெக்கார்ட் பட்டனைத் தொடுவதில்லை.

டவுன்ஸ்ட்ரோக்:
லாக்கிங் நட் (கம்பிகளை நட்டிலேயே இறுக்கிப் பிடிப்பது) உள்ள கிட்டாரில் இது வேலைக்கு ஆகாது. என் கிட்டாரில் ஒலித்தது பின்பக்கக் குழியில் இருக்கும் ட்ரெமலோ (சுருதியை ஆட்டும் கைப்பிடி) ஸ்பிரிங். ஸ்பாஞ்சைத் திணித்ததும் அடங்கியது. அதோடு, ஒரே டேக்கை (ஒருமுறை வாசித்த பதிவை) காப்பி செய்து இடமும் வலமும் போடுவதை எல்லாரும் நிறுத்துங்கள். அது அகலம் இல்லை, சத்தமான மோனோ (ஒரே சேனல் ஒலி). சில மில்லிசெகண்ட் தள்ளி வைத்தால் மோனோவில் கேட்கும்போது டோன் குழிவிழுந்து போகும்.

ட்ராப்சி:
காப்பி பற்றிச் சொன்னது சரி. ஆனால் இரண்டு முறை வாசித்தாலும் கோரஸ் அபசுரமாக இருந்தது, அதுதான் என் கதை. ட்யூனர் பச்சை காட்டியது. கடைசிக் கம்பியைப் பாட்டில் அடிக்கும் வேகத்திலேயே அடித்துப் பார்த்தேன்: முள் சட்டென்று மேலே ஏறி, மெதுவாக இறங்கியது. தொளதொளவென்ற கம்பியை ஓங்கி அடித்தால் சுருதி ஏறத்தான் செய்யும். ட்ராப் சி-க்கு (கடைசிக் கம்பியை சி வரை இறக்கும் சுருதி) 9-42 செட் (கம்பித் தடிமன், அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்) போதாது. 11-56 மாதிரி தடிமன் வேண்டும். மாற்றினால் இன்டொனேஷனையும் (கழுத்தில் எங்கே அழுத்தினாலும் சுருதி சரியாக வருவது) சரிபாருங்கள். மெதுவாகத் தட்டி ட்யூன் செய்யாதீர்கள், வாசிக்கிற அழுத்தத்திலேயே செய்யுங்கள், டேக்குக்கு டேக் செய்யுங்கள். ஆம்புக்கு முன்னால் ஓவர்டிரைவ் பெடல் வைத்தால் டிரைவ் கிட்டத்தட்ட பூஜ்யம், லெவல் நிறைய. அடி பாகத்தை அது இறுக்கிவிடும். 80 ஹெர்ட்ஸ் பக்கம் ஹை பாஸ் (அதற்குக் கீழான ஒலியைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டு பேஸுக்கு வழி விடுங்கள். டிஐ-யை (ஆம்புக்குப் போகும் முன் உள்ள கிட்டாரின் நேரடி ஒலி) தனி ட்ராக்கில் கட்டாயம் சேமியுங்கள், டோன் பிடிக்காவிட்டால் மறுபடி வாசிக்க வேண்டாம். எடிட்டில் எல்லா நோட்டையும் கிரிட்டில் (மென்பொருளின் தாளக் கோடுகள்) ஒட்டவும் வேண்டாம், இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று சேர்ந்தால் போதும்.

ஏழுகம்பி:
டவுன்ஸ்ட்ரோக், கேட் மேல் தப்பில்லை; அந்த 'ணிங்' கேட்டுக்கு முன்னாலேயே பிக்கப்பில் (கம்பியின் அதிர்வை எடுக்கும் காந்தம்) ஏறிவிடுகிறது. ட்ராப்சி, என் ஏழாவது கம்பி ஏ-வில் இருக்கிறது, 62 போட்டிருக்கிறேன். அதிலும் முள் ஏறுகிறது. இன்னும் தடிமன் போகலாமா, பிக் அழுத்தத்தைக் குறைக்கணுமா?