மறு: கவர்னர்னா ஆளுநர் தானா? (இசை ஃப்ராட்டர்னிட்டி பதவிப் பெயர்கள்)

> டிஸ்ட்ரிக்ட் கவர்னர் = மண்டல ஆளுநர், ஸ்பான்சர் = புரவலர், டிரஸ்டீஸ் = அறங்காவலர்கள். இதுல யாருக்கும் ஆட்சேபணை இருக்காதுன்னு நினைக்கிறேன், நாளைக்கே கட்டுரைய ஏத்திடலாம்.

இருக்குங்க, எனக்கு ரெண்டு சொல்லுக்கு ஆட்சேபணை இருக்கு. கொஞ்சம் பொறுங்க, ஏத்திடாதீங்க.

கட்டுரை காப்பா காப்பா சைங்கற ஃப்ராட்டர்னிட்டி (அமெரிக்கக் கல்லூரி பேண்ட்ல வாசிக்கற மாணவர்களோட சங்கம்) பத்தினது, அதனால அதையே எடுத்துக்கறேன். 1919 நவம்பர் 27, ஓக்லஹோமா மாநிலத்துல ஸ்டில்வாட்டர்ங்கற ஊர்ல இருந்த வேளாண் இயந்திரவியல் கல்லூரி (இப்ப அதுதான் ஓக்லஹோமா ஸ்டேட் யுனிவர்சிட்டி), அங்க காலேஜ் பேண்ட்ல வாசிச்சுட்டிருந்த வில்லியம் ஸ்க்ராக்ஸ்ங்கற மாணவருக்கு வந்த யோசனை, பேண்ட் மாஸ்டர் பொஹுமில் மக்கோவ்ஸ்கி துணைக்கு நின்னார், 10 பசங்களோட ஆரம்பிச்சாங்க. வேலை என்னன்னா பேண்டுக்கு ஊழியம் பண்றது, வாத்தியம் தூக்கறதுல இருந்து வெளியூர்ல இருந்து வாசிக்க வர்ற பேண்டைக் கவனிச்சுக்கறது வரைக்கும். இதெல்லாம் உங்க வரைவுலயே இருக்கு, நல்லாவும் எழுதியிருக்கீங்க.

பிரச்சனை "நிர்வாகம்"ங்கற பகுதியிலதான். அங்க ஒவ்வொரு காலேஜ் கிளையும் தன்னோட தலைவர், செயலாளர், பொருளாளரத் தானே ஓட்டுப் போட்டு எடுத்துக்குது. நாடு பூரா 6 மண்டலம், ஒவ்வொரு மண்டலத்துலயும் மாணவர்களே மாநாடு கூட்டி மண்டலத் தலைவர, மத்த பொறுப்புகள எல்லாம் எடுக்கறாங்க, அவங்களும் மாணவங்கதான். அதுக்கு மேல ரெண்டு வருஷத்துக்கு ஒருதடவை, ஒற்றைப்படை வருஷத்துல, தேசிய மாநாடு. கிளைகள்ல இருந்து வர்ற பேராளர்கள் ஓட்டுப் போட்டு தேசியக் கவுன்சிலத் தேர்ந்தெடுக்கறாங்க. இது வரைக்கும் எல்லாம் கீழ இருந்து மேல போகுது. ஆனா இந்த கவர்னர் இருக்காரே, அவர் மட்டும் எதிர்த் திசை. தேசியக் கவுன்சில் அவர நியமிக்குது, அவர் மாணவர் கிடையாது, மண்டலத்துல தேர்தல்ல ஜெயிச்ச பசங்க பக்கத்துல உக்காந்து யோசனை சொல்றார், மேலிடத்துக்கும் மண்டலத்துக்கும் நடுவுல போய்வர்றார். மண்டலத்த நடத்தறவர் அவர் இல்ல, அந்தப் பசங்கதான்.

இப்ப இத "மண்டல ஆளுநர்"னு எழுதினா படிக்கறவங்க என்ன நினைப்பாங்க? மண்டலத்தோட தலை அவர்தான், மத்தவங்கல்லாம் அவருக்குக் கீழன்னு. இல்லாட்டி நம்மூர்ல ஆளுநர் மாளிகையில உக்காந்துகிட்டு சட்டசபை அனுப்பற மசோதாவுக்குக் கையெழுத்துப் போடறவர் ஞாபகம் வரும். நியமனம்ங்கற வரைக்கும் அது பொருந்துதுன்னு யாராச்சும் சொல்லுவீங்க, பொருந்துதுதான், ஆனா மண்டல மாநாடு போட்ட தீர்மானம் இவர் கையெழுத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கறதா நினைச்சுட்டாங்கன்னா கட்டுரை முழுக்கத் தப்பாப் போகும்.

ஸ்பான்சர் விஷயம் இன்னும் மோசம். அங்க ஸ்பான்சர்ங்கறது காசு குடுக்கறவர் இல்ல. ஒவ்வொரு கிளைக்கும் கல்லூரி சார்பா நிக்கற ஒரு பெரியவர், பெரும்பாலும் ஆசிரியர். பேண்ட் டைரக்டர் தனி, இவர் தனி, சில இடத்துல ரெண்டும் ஒரே ஆளாவும் இருக்கலாம். புரவலர்னு போட்டீங்கன்னா விழா அழைப்பிதழ்ல படம் போட்டு நன்கொடை குடுத்தவர் ஆயிடுவார். "பொறுப்பாசிரியர்"னு நம்ம ஸ்கூல் என்.எஸ்.எஸ்., சாரணர் இயக்கத்துக்கெல்லாம் சொல்ற சொல்லே இருக்கு, அது போதும்.

அறங்காவலர் ஓகே. கோயில் வாசனை அடிக்கும், அடிக்கட்டும், சொத்தையும் பணத்தையும் காபந்து பண்றவங்கதானே.

கவர்னருக்கு என் யோசனை: மண்டலப் பொறுப்பாளர். கட்சி அறிக்கை படிக்கற எல்லாருக்கும் தெரிஞ்ச சொல், தலைமை நியமிச்ச ஆள்னு சொல்லாமலே புரியும்.

--------

> மண்டலத்த நடத்தறவர் அவர் இல்ல, அந்தப் பசங்கதான்.

நண்பர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் ரோட்டரி சங்கத்தில் "மாவட்ட ஆளுநர்" என்று நம் ஊர் நாளிதழ்கள் பல வருஷமாக எழுதிக்கொண்டுதானே இருக்கின்றன? பதவியேற்பு விழா செய்தியில் தினமும் வருகிறது. அதைப் படித்து யாரும் குழம்பவில்லையே. வழக்கில் வந்துவிட்ட சொல்லை விட்டுவிட்டுப் புதிதாக ஒன்றைத் தேடுவது எதற்கு? நான் 30 வருஷம் அகராதி வேலை பார்த்தவன், பாதி சண்டை இப்படித்தான் வீணாகப் போகும்.

--------

ஐயா, ரோட்டரிய நீங்க இழுத்தது நல்லதாப் போச்சு, ஏன்னா வித்தியாசம் அங்கதான் பளிச்சுனு தெரியுது. ரோட்டரியில மாவட்ட ஆளுநர அந்த மாவட்டத்து சங்கங்களேதான் தேர்வு பண்ணி அனுப்பறாங்க, அப்புறம் உலக மாநாட்டுல முறைப்படி தேர்ந்தெடுக்கறாங்க. அந்த மாவட்டத்துக்கு அவர்தான் தலை. அதனால ஆளுநர்ங்கற சொல் அங்க உறுத்தல. இங்க தலை வேற ஆள், 20 வயசுப் பொண்ணோ பையனோ. தலை ஒருத்தர், ஆளுநர் இன்னொருத்தர்னு எழுதினா யாருக்குய்யா புரியும்?

இன்னொண்ணு. காப்பா காப்பா சைக்கு டாவ் பீட்டா சிக்மான்னு ஒரு ஜோடி அமைப்பு இருக்கு. பேண்ட்ல வாசிச்ச பொண்ணுங்களச் சேத்துக்காததால டெக்சாஸ் டெக் காலேஜ்ல வேவா பேன்ஸ்ங்கற மாணவி முயற்சி எடுத்து ஆரம்பிச்சது, 1946ல முறையா வந்துச்சு. இப்ப ரெண்டும் ஒரே ஆபீஸ்தான், ஸ்டில்வாட்டர்ல ஒரு பழைய ரயில்வே ஸ்டேஷன். மண்டல மாநாடும் பல சமயம் சேந்தே நடக்குது. காப்பா காப்பா சையில கவர்னர் பாக்கற அதே வேலைய டாவ் பீட்டா சிக்மாவுல பாக்கறவங்களுக்குப் பேரு கவுன்சிலர். அத அப்படியே தமிழ்ல எழுதினா வார்டு கவுன்சிலர் ஆயிடுவாங்க, தண்ணி வரலன்னு மனு குடுக்க வருவாங்க. ஒரே மேடையில ஒரே வேலை பாக்கற ரெண்டு பேர்ல ஒருத்தர ஆளுநர், இன்னொருத்தர ஆலோசகர்னு எழுதினா ஒருத்தருக்கு அதிகாரம் ஜாஸ்தின்னு தோணும், அப்படி எதுவும் இல்ல. அதனால ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரே சொல் வேணும்ங்கறதுதான் என் கட்சி.

--------

வணக்கம் எல்லாருக்கும். கனகாலமா வாசிச்சுக்கொண்டு மட்டும் இருந்தனான், இண்டைக்குத்தான் எழுதுறன், டொராண்டோவில இருந்து.

"பொறுப்பாளர்" எண்டதில எனக்கு ஒரு சங்கடம் இருக்கு. தமிழ்நாட்டில அது கட்சிப் பதவியா இருக்கலாம். எங்கட ஆக்களுக்கு மாவட்டப் பொறுப்பாளர், அரசியல் பொறுப்பாளர் எண்டு கேட்ட உடன வேற ஒரு காலம்தான் ஞாபகம் வரும். பேண்ட் வாசிக்கிற பிள்ளையளின்ர சங்கத்துக்கு அந்தச் சொல்லை நான் வைக்கமாட்டன். அதோட கட்சியில பொறுப்பாளரை எப்ப போடுவினம்? தேர்ந்தெடுத்த ஆள் இல்லாத இடத்திலதானே, அல்லது இருந்தவரைத் தூக்கிப்போட்டு. இங்க தேர்ந்தெடுத்த பிள்ளையும் இருக்கு, இவரும் பக்கத்தில இருக்கிறார். ரெண்டும் ஒண்டில்ல.

"நெறியாளர்" எண்டு போடலாம்தானே? ஆய்வுக்கு நெறிப்படுத்துறவர் நெறியாளர், எழுதுறது மாணவர். எழுதினதின்ர பொறுப்பும் மாணவருக்குத்தான். அது சரியா வரும் எண்டு நினைக்கிறன்.

மற்றது, வரைவில "பெண் சகோதரர்கள்" எண்டு ஒரு இடத்தில கிடக்கு, வாசிக்கச் சிரிப்பா இருந்தது. எங்கட பக்கத்தில "உங்களுக்கு எத்தின சகோதரம்" எண்டுதான் கேக்கிறது. "மூண்டு சகோதரம், ரெண்டு பொம்பிளை, ஒரு ஆம்பிளை" எண்டு பதில் வரும். சகோதரம் எண்டா ரெண்டுக்கும் பொது. உறுப்பினரை "சகோதரம்" எண்டே எழுதலாமே.

--------

டொராண்டோ அக்கா (அக்காதானே? இல்லன்னா மன்னிச்சுக்கோங்க), பொறுப்பாளர் பத்தி நீங்க சொன்ன ரெண்டு காரணமும் சரி, முதல் காரணத்துக்கு மேல பேசவே வேணாம், விட்டுடலாம். ரெண்டாவதும் எனக்கு உறைக்குது, கட்சியில பொறுப்பாளர் வந்தாலே செயலாளர் சீட்டு காலின்னுதான் அர்த்தம்.

சகோதரம் அருமையான சொல்லுங்க. ஏன் அது இந்தக் கட்டுரைக்கு அவ்வளவு கச்சிதம்னா, 1972ல அமெரிக்காவுல ஒன்பதாம் தலைப்புச் சட்டம் வந்துச்சு, அரசாங்கக் காசு வாங்கற கல்வி நிலையத்துல ஆண் பெண் பாகுபாடு கூடாதுன்னு. அதோட நெருக்கடியில 1977ல காப்பா காப்பா சை பெண்களுக்கும் கதவத் திறந்துச்சு. மியூ ஃபை எப்சிலான்னு 1903ல சின்சினாட்டியில ஆரம்பிச்ச இன்னொரு இசைச் சங்கமும் அதே 1977லதான் எல்லாருக்கும் பொதுவாச்சு. ஆனா காப்பா காப்பா சை உறுப்பினரக் கூப்பிடற சொல்ல மாத்தல. இன்னைக்கும் காப்பா காப்பா சையில சேந்த பொண்ணும் "பிரதர்"தான், டாவ் பீட்டா சிக்மாவுல சேந்த பையனும் "சிஸ்டர்"தான். என் அக்கா பொண்ணு டெக்சாஸ்ல கிளாரினெட் வாசிக்கறா, அவளே சாதாரணமா "என் பிரதர் ஒருத்தி"ன்னு போன்ல சொல்லுவா, எங்க அம்மா ஒவ்வொரு தடவையும் யாருடி அதுன்னு கேப்பாங்க. உடன்பிறப்புன்னு போடலாம்னு நானே ஒரு நேரம் யோசிச்சேன், அதுவும் ரெண்டு பாலுக்கும் பொது, ஆனா அறிவாலயத்துக் கடிதம் மாதிரி ஆயிடும். சகோதரம் ஒட்டுமொத்தமா ஜெயிக்குது. அமைப்புக்கும் "இசைச் சகோதரக் கழகம்"னு வெச்சுக்கலாம், "சகோதரத்துவம்"னு வரைவுல இருக்கறத எடுத்துடுங்க, அது ஒரு குணத்தோட பேரு, அதுக்கு தலைவர் செயலாளர் போட முடியாது.

நெறியாளருக்கு வர்றேன். காப்பா காப்பா சைக்கு நூத்துக்கு நூறு சரி. டாவ் பீட்டா சிக்மா கவுன்சிலருக்கும் சரி. ஆனா பக்கத்துக் கட்டுரை ஒண்ணு வரப்போகுது, ஃபை மியூ ஆல்ஃபா சின்ஃபோனியாங்கற இன்னொரு இசைச் சங்கம் பத்தி. அது இதைவிடப் பழசு, 1898 அக்டோபர் 6, பாஸ்டன்ல நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரிங்கற இசைக் கல்லூரியில ஒசியன் மில்ஸ்ங்கறவர் ஆரம்பிச்சது, அவர் சங்கீத வாத்தியார்கூட இல்ல, அங்க பணம் வரவு செலவு பாத்தவர். சின்ஃபோனியாங்கற பேரு அப்ப இயக்குநரா இருந்த இசையமைப்பாளர் ஜார்ஜ் சாட்விக் சொன்னது. அங்க 3 வருஷத்துக்கு ஒருதடவை தேசிய அவை. அவங்களுக்கு மண்டலம் இல்ல, "ப்ராவின்ஸ்". அதுக்கும் ஒரு கவர்னர், அவரும் நியமனம்தான், கூடவே மாணவர்கள் எடுக்கற ஒரு பிரதிநிதி. இதுல விசேஷம் என்னன்னா தேசிய அவையில மாணவர் பிரதிநிதியும் உக்கார்றார், கவர்னரும் உக்கார்றார். அதாவது பக்கத்துல நின்னு வழி சொல்றதோட அவர் வேலை முடியல, சட்டம் போடற இடத்துலயும் அவருக்கு நாற்காலி இருக்கு. நெறியாளர்ங்கற சொல் அந்த அளவு கனத்தத் தாங்குமா?

--------

> நெறியாளர்ங்கற சொல் அந்த அளவு கனத்தத் தாங்குமா?

தாங்கும். பல்கலைக்கழக ஆட்சிப் பேரவையில் பேராசிரியர் உட்காருகிறார், அதற்காக அவருக்கு வேறு பெயரா வைக்கிறோம்? பதவியின் பெயர் ஒன்று, அவையில் இடம் இன்னொன்று. ரோட்டரி விஷயத்தில் நண்பர் சொன்ன வேறுபாட்டை ஏற்கிறேன். "உசாத்துணைவர்" என்றும் ஒன்று மனதில் ஓடியது, கலந்து பேசத் துணை நிற்பவர் என்ற பொருளில் அழகான சொல்.

--------

ஐயா, உசாத்துணை எண்டா எங்கட கம்பஸில ஆய்வேட்டுக்குப் பின்னால போடுற புத்தகப் பட்டியல். தயவுசெய்து வேண்டாம் 🙂

ப்ராவின்ஸுக்கு "மாகாணம்" எண்டும் போடாதீங்கோ. இலங்கை வாசகர் உடன ஒன்பது மாகாணத்தைத்தான் நினைப்பினம், முதலமைச்சர், மாகாண சபை எண்டு. அதில ஆளுநரும் இருக்கிறார், அவரையும் கொழும்பிலதான் நியமிக்கிறது! வட்டாரம் எண்டு போடலாம்.

--------

வட்டாரம் சரிங்க, சின்ஃபோனியாவுல டெக்சாஸ் மாதிரி பெரிய மாநிலத்துக்குள்ளயே ஒண்ணுக்கு மேல ப்ராவின்ஸ் இருக்கு, மாகாணம்னு போட்டா மாநிலத்தவிடப் பெருசுன்னு வேற தோணிடும்.

அப்ப இப்படி முடிச்சுக்கலாமா: சகோதரம், இசைச் சகோதரக் கழகம், கிளை, மண்டலம் அல்லது வட்டாரம், பேராளர், தேசியக் குழு, அறங்காவலர் குழு, கிளைப் பொறுப்பாசிரியர், மண்டல நெறியாளர். கவுன்சில்னு நானே மேல எழுதிட்டேன், பக்கத்துலயே கவுன்சிலர் சிக்கல் இருக்கறதால தேசியக் குழுன்னே போடுங்க. எக்ஸிக்யூட்டிவ் டைரக்டர் சம்பளத்துக்கு வேலை பாக்கற ஆள், "நிர்வாக இயக்குநர்"னு நம்ம கம்பெனிப் பேரையே வெச்சா முதலாளி மாதிரி தெரியுது, "செயல் இயக்குநர்"னு ஆக்கிடுங்க. ஒரே ஒரு கோரிக்கை, நெறியாளர்ங்கற சொல் கட்டுரையில முதல் தடவை வர்ற இடத்துல மட்டும் "தேசியக் குழு நியமிக்கும் மண்டல நெறியாளர்"னு முழுசா எழுதுங்க, மண்டலத் தலைவர் வர்ற இடத்துல "மாணவர்கள் தேர்ந்தெடுக்கும்"னு சேத்துடுங்க. யார் யாரை உக்கார வெக்கறாங்கன்னு தெரியாம எழுதற நிர்வாகப் பகுதி வெறும் பதவிப் பட்டியல்தான், அதுக்கு ஆங்கிலப் பக்கத்தையே படிச்சுட்டுப் போயிடலாம்.

ஒண்ணு பாக்கி இருக்கு. முழுக் கிளை ஆகறதுக்கு முன்னாடி கொஞ்ச காலம் தகுதி பாக்கற நிலையில இருக்கற குழுவுக்கு அங்க "காலனி"ன்னு பேரு வெச்சிருந்தாங்க. வரைவுல காலனின்னே தமிழ்ல எழுதியிருக்கீங்க. தமிழ்நாட்டுல அந்தச் சொல்லுக்குப் பின்னால இருக்கற வலி உங்களுக்கே தெரியும், 2025ல அரசு ஆவணங்கள்ல இருந்தே எடுக்கறோம்னு முதல்வர் சட்டசபையில அறிவிச்சார். அமெரிக்காவுலயும் வேற காரணத்துக்காகப் பல ஃப்ராட்டர்னிட்டிகள் அந்தச் சொல்லக் கைவிட ஆரம்பிச்சாச்சு. நான் "தளிர்க்கிளை"ன்னு சொல்றேன்.

--------

தளிர் கிளையில் வரும், கிளை எப்படித் தளிராகும்? "இளங்கிளை" என்று விட்டுவிடுங்கள்.

--------

இளங்கிளை எண்டா வயசில குறைஞ்ச கிளை எண்டுதான் வரும், அங்கீகாரம் கிடைக்கேல்லை எண்டது தெரியாது. "பயில்நிலைக் கிளை"?

--------

பயில்நிலைக் கிளை பொருள் சரி, வாயில நுழைய கொஞ்சம் கஷ்டம். மத்தவங்க யாராச்சும் சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் கட்டுரைய ஏத்தாம வெச்சிருக்கச் சொல்லியிருக்கேன்.