பவளத் தொட்டிக்கு முதல் கேமரா: 60 மி.மீ. மேக்ரோவா, 100 மி.மீ. மேக்ரோவா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. 2 அடி கடல்நீர்த் தொட்டி, நீல எல்இடி. செல்போனில் எடுத்தால் பவளம் எல்லாம் ஒரே நீலக் குழம்பு. செகண்ட்ஹேண்டில் கேனான் 200டி பாடி வாங்கலாமா? சின்னப் பொருளை நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்சில் எது, 60-ஆ, 100-ஆ?

பதில் 1:
200டி தாராளமாகப் போதும். மிச்சப்படும் காசை லென்சில் போடுங்கள். 60, 100 இரண்டுமே 1:1 தரும் (பொருளின் நிஜ அளவே சென்சாரில் விழும்), வித்தியாசம் தூரத்தில்தான். 60 மி.மீ.யின் 20 செ.மீ. ஃபோகஸ் தூரம் சென்சாரிலிருந்து கணக்கு. லென்ஸ் முனைக்கு முன்னால் 9 செ.மீ. போலத்தான் மிஞ்சும். தொட்டி நடுவில் இருக்கும் பவளத்துக்கு அதற்குள் கண்ணாடி முட்டிவிடும். என் ஓட்டு 100-க்கு. டிரைபாட் கட்டாயம்.

பதில் 2:
லென்சைவிட முக்கியம், கண்ணாடிக்கு நேர் செங்குத்தாக வைப்பது. கொஞ்சம் சாய்த்தாலும் ஒளி விலகி, பாலிப் (பவளத்தின் சின்னப் பூப்போன்ற உயிர்) ஓரத்தில் நிறம் பிரிந்து மங்கும். தொட்டியில் அலை எழுப்பும் வேவ்மேக்கரை நிறுத்தி, பாலிப் ஆட்டம் அடங்கும்வரை பொறுங்கள். அறை விளக்கை அணையுங்கள், இல்லையென்றால் உங்கள் சட்டைதான் கண்ணாடியில் தெரியும். எஃப்/8 (லென்ஸ் துளை அளவு), ஐஎஸ்ஓ 400-ல் (ஒளி உணர்திறன்) தொடங்குங்கள். லைவ் வியூவில் (திரையில் நேரடிக் காட்சி) 10 மடங்கு பெரிதாக்கி, பாலிப்பின் வாய்ப்பகுதியில் கையால் ஃபோகஸ் செய்து, 2 விநாடி டைமர்.

பதில் 3:
நீலத்துக்கு: ரா ஃபைலில் (சென்சார் பதிவை அப்படியே சேமிக்கும் வகை) எடுங்கள் சார். கேமராவின் ஒயிட் பேலன்ஸ் (நிறச் சமன்) மட்டும் ஆக்டினிக் எனும் ஆழ்நீல ஒளிக்குப் பத்தாது. லென்ஸ் முன் ஆரஞ்சு ஃபில்டர் போட்டால் பச்சையும் சிவப்பும் பிழைக்கும். நீலச் சானல் வெடித்திருந்தால் (நீல நிறப் பதிவு அளவு மீறி நிரம்பிவிட்டால்) பிறகு எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. ஹிஸ்டோகிராமில் (ஒளி அளவைக் காட்டும் வரைபடம்) நீலக் கோட்டைத் தனியாகப் பாருங்கள்.