49 சிசி மினி பைக் கோத்தகிரியில் திணறுகிறது. 9 வயது மகளை எப்படிப் பழக்குவது?

கேட்டவர்: கோத்தகிரி அப்பா

வணக்கம். என் மகளுக்கு 9 வயது. இரண்டு வருடமாக வீட்டில் பைக் ரேஸ் பேச்சுதான். டிவியில் மோட்டோஜிபி ஓடினால் சாப்பிடக்கூட எழுந்து வர மாட்டாள். இவ்வளவு ஆசைப்படுகிறாளே என்று போன மாதம் கோவையில் ஒருவரிடம் பழைய 49 சிசி மினி பைக் வாங்கி வந்தேன். டூ ஸ்ட்ரோக், கியர் கிடையாது, கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் வகை. என் முழங்கால் உயரம்தான் இருக்கும். விற்றவர் வீட்டு வாசலில் ஓட்டிக் காட்டினார், நன்றாகத்தான் ஓடியது.

இங்கே கொண்டு வந்ததிலிருந்து தொல்லை. ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஆக்ஸிலேட்டரைத் திருகினால் தொண்டை அடைத்தது போல முனகுகிறது. வேகம் ஏறவில்லை. புகை அதிகம். கொஞ்ச தூரத்தில் நின்றுவிடுகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், முழுக்கக் கரி. புதிது போட்டேன், மூன்றே நாளில் அதுவும் கரி.

நிற்காமல் இருக்கட்டும் என்று ஐடில் ஸ்க்ரூவை (ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் சுற்றும் வேகத்தை வைக்கும் திருகு) ஏற்றி வைத்தேன். போன ஞாயிறு மகள் மேலே உட்கார்ந்திருக்க, நான் கயிற்றை இழுத்தேன். வண்டி தானாகக் கிளம்பி, பத்தடி தள்ளியிருந்த வேலியில் மோதி நின்றது. முழங்கையில் சிராய்ப்பு. அவள் அழவில்லை, எனக்குத்தான் கை நடுங்கிவிட்டது. மனைவி வண்டியைக் கொட்டகையில் வைத்துப் பூட்டிவிட்டாள்.

பெட்ரோலில் லிட்டருக்கு 40 மில்லி ஆயில் கலக்கிறேன். இது கூடுதலா, குறைக்கலாமா? வண்டியில் என்ன கோளாறு? இந்த மலையில் குழந்தைகளை எங்கே, எப்படிப் பழக்குகிறீர்கள்? எனக்கு ரேஸ் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: மேட்டுப்பாளையம் மெக்கானிக்

அண்ணா, முதலில் அந்த ஐடில் ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்கு இறக்குங்கள். இந்த வண்டிகளில் இருப்பது சென்ட்ரிஃபியூகல் கிளட்ச். இன்ஜின் சுற்று கூடினால் உள்ளே இருக்கும் ஷூக்கள் தானாக விரிந்து டிரம்மைப் பிடித்துக்கொள்ளும், சக்கரம் சுற்றும். ஐடிலை ஏற்றினால் யாரும் ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே வண்டி கிளம்பிவிடும். உங்கள் வீட்டில் நடந்தது அதுதான். இனி எப்போதும் பின் சக்கரத்தை ஸ்டாண்டில் தூக்கி வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். ஐடிலில் சக்கரம் சுற்றாமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் குழந்தை ஏற வேண்டும்.

அடுத்தது கில் ஸ்விட்ச், அதாவது இன்ஜினை உடனே அணைக்கும் ஸ்விட்ச். மணிக்கட்டில் கட்டும் கயிறு உள்ள வகை இருக்கிறது. குழந்தை விழுந்தால் கயிறு இழுபட்டு இன்ஜின் நின்றுவிடும். அது இல்லாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

இப்போது கோளாறுக்கு வருகிறேன். வண்டியில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை, மலைக் காற்றுதான் காரணம். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் சொச்சம். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர். மேலே காற்று லேசு. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டருக்கு அது தெரியாது, கோவைக்கு வைத்த ஜெட் (பெட்ரோல் வரும் சின்னத் துளையுள்ள திருகு) வழியாக அதே அளவு பெட்ரோலை விட்டுக்கொண்டே இருக்கும். காற்று குறைந்து பெட்ரோல் மிஞ்சுவதால் கலவை தடித்துப்போய், பிளக் கரியாகி, வண்டி முனகுகிறது. இன்னொன்று, ஆயிரம் அடி ஏறினால் சுமார் 3 சதவீதம் சக்தி குறையும். கோவைக்கும் உங்கள் ஊருக்கும் 4,500 அடி வித்தியாசம் என்றால் ஏழில் ஒரு பங்கு போய்விடும். என்ன டியூனிங் செய்தாலும் அது திரும்பி வராது. ஒன்பது வயதுக்கு அது போனால் நல்லதுதான்.

செய்ய வேண்டியது: சோக் (குளிரில் ஸ்டார்ட் செய்யக் காற்றை அடைக்கும் மூடி) முழுதாகத் திறக்கிறதா என்று பாருங்கள். பாதி மூடிக்கிடந்தாலும் இதே அறிகுறிதான் வரும். ஏர் ஃபில்டர் ஸ்பாஞ்சைக் கழுவிக் காய வையுங்கள். பிறகும் திணறினால் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் ஸ்லைடு ஊசியில் இருக்கும் சின்ன கிளிப்பை ஒரு வெட்டு மேலே ஏற்றுங்கள். ஊசி கீழே இறங்கும், பெட்ரோல் குறையும். முழு ஆக்ஸிலேட்டரில் மட்டும் திணறினால் மெயின் ஜெட்டைச் சிறியதாக மாற்ற வேண்டும். ஒவ்வொரு எண்ணாக இறங்குங்கள், அவசரம் வேண்டாம். பிளக் காபிப்பொடி நிறத்துக்கு வந்தால் சரி.

ஆயிலை மட்டும் குறைக்காதீர்கள். 40 மில்லி என்பது 25-க்கு 1, இந்த வகை வண்டிக்கு வழக்கமான அளவு. டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கு வேறு ஆயில் கிடையாது. குறைத்தால் கலவையில் பெட்ரோல் பங்குதான் கூடும், தடிப்பு குறையாது, பிஸ்டன் ஒட்டிக்கொண்டு இன்ஜினும் நின்றுவிடும்.

இதையும் ஒரு சீட்டில் எழுதி வண்டியிலேயே ஒட்டி வையுங்கள்: கோவைக்கு இறக்கினால் பழைய ஜெட்டைப் போட வேண்டும். மலை ஜெட்டோடு சமவெளியில் ஓட்டினால் கலவை மெலிந்து இன்ஜின் சூடாகி பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும். ஓடிக்கொண்டிருக்கும்போது பின் சக்கரம் பூட்டினால் மேலே இருப்பது குழந்தை.

பதில்: குன்னூர்க்காரன்

நாங்கள் எல்லாம் சின்ன வயதில் எஸ்டேட் ரோட்டில்தான் கற்றுக்கொண்டோம். விடியற்காலை ஆறு மணிக்கு யார் வரப்போகிறார்கள்? அங்கேயே ஓட்டட்டும்.

பதில்: உதகை அம்மா

குன்னூர் அண்ணன் மன்னிக்க வேண்டும், அது வேண்டாம். பொதுமக்கள் போய்வர உரிமையுள்ள எந்த வழியும் சட்டத்தில் பொது இடம்தான், எஸ்டேட் ரோடு என்றாலும். 50 சிசி வரை ஓட்டுவதற்கே 16 வயது ஆக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்துக்குப் பிறகு சிறுவர் ஓட்டிக் குற்றமானால் பெற்றோருக்கு மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடைக்காது. சட்டத்தை விடுங்கள், விடியற்காலை தேயிலைச் சரிவில் காட்டெருமை நிற்கிறதே, திருப்பத்தில் அது நின்றால் முழங்கால் உயர வண்டியில் இருக்கும் குழந்தை என்ன செய்யும்? புல்வெளி, காட்டோரம் எல்லாம் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

கோத்தகிரி அண்ணா, என் மகனுக்கு இப்போது 12. எட்டு வயதில் தொடங்கினான். எங்களுக்குக் கிடைத்த இடம் ஒரு எஸ்டேட்டில் இலை எடை போடும் களம். ஞாயிற்றுக்கிழமை காலியாக இருக்கும். மேனேஜரிடம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினோம். சிமெண்ட் தரை, சுற்றிலும் பழைய டயர் அடுக்கினோம். ஒவ்வொரு முறையும் முதலில் துடைப்பத்தால் பெருக்க வேண்டும். அந்தக் குட்டிச் சக்கரத்துக்குக் கூழாங்கல்லே பெரிய பள்ளம்.

ஆனால் முதல் மூன்று மாதம் மோட்டாரே இல்லை. சைக்கிள்தான். சாக்பீஸில் கோடு போட்டு, வேகமாக வந்து கோட்டின் மேல் நிற்க வேண்டும். முன் பிரேக், பின் பிரேக் இரண்டும் விரல் நுனிக்குப் பழகிய பிறகு எட்டு போடுவது. கண் அடுத்த டயரைப் பார்க்க வேண்டும், முன் சக்கரத்தை அல்ல. இது வந்த பிறகு அவனை மோட்டாரில் ஏற்றியபோது பயம் பாதி குறைந்திருந்தது, எனக்கும் சேர்த்து. இன்று தொடங்கினால் நான் சிறிய பேட்டரி வண்டிதான் வாங்குவேன். மலைக் காற்று அதை ஒன்றும் செய்யாது, சத்தமும் இல்லை.

ஒரு தடவைக்குப் பதினைந்து நிமிடம் போதும். ஜனவரிக் குளிரில் விரல் மரத்துப்போய் பிரேக் பிடிக்க வராது. கையுறையைக் கழற்றி விரலை மடக்கச் சொல்லிப் பார்த்துத்தான் மறுபடி ஏற்றுவேன்.

ஹெல்மெட்டில் சிக்கனம் வேண்டாம். புருவத்துக்கு மேலே டேப் வைத்துச் சுற்றளவு எடுங்கள். முழு முகம் மூடும், குழந்தை அளவு, ஐஎஸ்ஐ முத்திரை உள்ளது. பெரியவர் ஹெல்மெட்டில் துணி திணிக்கக் கூடாது, அந்த எடை கழுத்துக்கு ஆபத்து. பழையதும் வாங்காதீர்கள், உள்ளே அடிபட்டிருந்தால் வெளியே தெரியாது. முழங்கால், முழங்கை, முதுகுக் காப்பு, கணுக்கால் மூடும் ஷூ, இவ்வளவும் முதல் நாளே வேண்டும்.

ரேஸ் என்றால், சர்வதேச மினிஜிபி வரிசையில் 10 முதல் 14 வயதுப் பிள்ளைகள் 10 அங்குல சக்கரமுள்ள 160 சிசி வண்டியில் ஓட்டுகிறார்கள். இந்தியாவிலும் 2022-ல் அந்த வரிசை நடந்தது. இங்கே போட்டியில் இறங்க எஃப்எம்எஸ்சிஐ (இந்திய மோட்டார் விளையாட்டுக் கூட்டமைப்பு) லைசென்ஸ் வேண்டும், பெற்றோர் கையெழுத்து வேண்டும். நீங்கள் வாங்கியது ரேஸ் வண்டி இல்லை, பழகும் வண்டி. கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி ஸ்பீட்வே ரேஸ் தடத்தைப் பார்த்ததும் அவள் இப்போதே ஓட்டக் கேட்பாள். பார்க்கக் கூட்டிப்போங்கள், ஓட்டுவதற்குச் சிறிய கோ-கார்ட் தடத்தில் பயிற்சியாளர் வைத்துத் தொடங்குங்கள். பயிற்சி நாளன்று காலையில் மலையிலிருந்து கீழே இறங்காதீர்கள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுத்த குழந்தையை ஹெல்மெட் மாட்டித் தடத்தில் விடுவது தவறு. நாங்கள் முந்தின நாளே போய்த் தங்குவோம்.

2023 ஆகஸ்ட்டில் சென்னைத் தடத்தில் 13 வயதுப் பையன் ரேஸில் விழுந்து இறந்துபோனான். அதன் பிறகு இரண்டு மாதம் எங்கள் வண்டி வெளியே வரவில்லை. மகன்தான் ஒரு நாள் வந்து, "அம்மா, நான் வேண்டாம்னு சொன்னா நிறுத்திடுவீங்களா?" என்று கேட்டான். நிறுத்துவேன் என்றேன். "அப்போ நான் ஓட்டறேன்" என்றான். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் ஹெல்மெட் மாட்டுவதற்கு முன் அவனைக் கேட்கிறேன். இரண்டு முறை வேண்டாம் என்றிருக்கிறான். வந்த வழியே திரும்பிவிட்டோம். ஒரு முறை கோவை வரை போய்த் திரும்பினோம்.

பதில்: கோத்தகிரி அப்பா

அக்கா, தம்பி, இருவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன்.

ஐடிலை அன்றே இறக்கிவிட்டேன். சோக் சரியாக இருந்தது. ஃபில்டர் ஸ்பாஞ்ச் ஆயிலில் ஊறிக் கிடந்தது, கழுவியதும் பாதி சரி. கிளிப்பை ஒரு வெட்டு ஏற்றி, ஜெட் இரண்டு எண் இறங்கியதும் முனகல் போய்விட்டது. பிளக் நிறம் தம்பி சொன்னபடியே வந்தது. பழைய ஜெட்டைச் சின்ன டப்பாவில் போட்டு, சீட்டு எழுதி இருக்கைக்கு அடியில் கட்டி வைத்திருக்கிறேன். கில் ஸ்விட்ச் ஆர்டர் செய்திருக்கிறேன், வந்ததும் மாட்டுவேன்.

வண்டி இன்னும் கொட்டகையில்தான். சாவி மனைவியிடம். மகளிடம் சைக்கிள் விஷயத்தைச் சொன்னதும் முகம் வாடியது. சாக்பீஸ் கோட்டை அவளையே போடச் சொன்னேன். இப்போது பள்ளி விட்டு வந்ததும் அவளே கோட்டைத் தள்ளித் தள்ளிப் போட்டு, எங்கே நின்றாள் என்று நோட்டில் குறித்து வைக்கிறாள். நேற்று மனைவியும் பக்கத்தில் நின்று அளந்து கொடுத்தாள்.

ஒரு சந்தேகம் மட்டும். தலைச் சுற்றளவு 52 செ.மீ. வருகிறது. இரட்டைச் சடை போடும் பிள்ளை. சடையோடு அளக்க வேண்டுமா, அவிழ்த்துவிட்டு அளக்க வேண்டுமா?

பதில்: உதகை அம்மா

அவிழ்த்துவிட்டு அளங்கள். ஓட்டும்போது பின்னங்கழுத்துக்குக் கீழே ஒற்றைப் பின்னலாகப் போட்டு ஜாக்கெட்டுக்குள் விடுங்கள். மேலே கொண்டை, கிளிப், ஹேர்பேண்ட் எதுவும் வேண்டாம், அழுத்தும். கடைக்கு அவளையே கூட்டிப்போய் மாட்டிப் பாருங்கள். கன்னம் கொஞ்சம் இறுக வேண்டும், தலையை ஆட்டினால் ஹெல்மெட் தனியாக ஆடக் கூடாது.