“பெண் அம்மா வீட்டில்தானே இருந்தாள்?”

காவிரிக்கரை: குழந்தைக் கல்யாணத்தைத் தடுத்த சாரதா சட்டம் வந்துதான் பெண்கள் பிழைத்தார்கள் என்று காலையில் ஒருவர் எழுதியிருந்தார், எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அந்தக் காலத்துக் கல்யாணம் சடங்கு மட்டும்தான். வயதுக்கு வரும்வரை பெண் அம்மா வீட்டில்தான் இருந்தாள். சாந்தி முகூர்த்தமெல்லாம் அப்புறம்தான்.

மல்லிகா: சரி, இருந்தாள். மாப்பிள்ளை செத்துப் போனால்? என் பாட்டியின் அக்காவுக்கு 9 வயதில் கல்யாணம், 11 வயதில் தாலி இறங்கியது. புருஷன் வீட்டு வாசற்படியைக்கூட அவள் மிதித்ததில்லை. ஆனாலும் வயது வந்ததும் கொல்லைக் கிணற்றடியில் உட்கார வைத்துத் தலையை மழித்தார்கள். அந்தக் கல்யாணப் பட்டுப்பாவாடையைக் கடைசிவரை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன், நீளம் என் முழங்காலைத் தாண்டாது.

காவிரிக்கரை: அது உங்கள் வீட்டுத் துக்கம். நான் கேட்டது ஒன்றே ஒன்று. பெண் அம்மா வீட்டில் இருந்தாளா, இல்லையா?

தாமரைக்குளம்: இளம் விதவைகளைப் படிக்க வைத்த சிஸ்டர் சுப்புலட்சுமிக்கும் 11 வயதில்தான் கல்யாணம், சீக்கிரமே விதவை. அவருக்குப் படிக்க வைக்கிற அப்பா கிடைத்தார், 1911-ல் பட்டம் வாங்கினார். எத்தனை பேருக்கு அப்படி ஒரு அப்பா?

காவிரிக்கரை: அவரும் அம்மா வீட்டில்தானே இருந்தார்! நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

பொன்வண்டு: சாரதா அம்மையார் கொண்டுவந்த சட்டத்தைக் குறை சொல்ல ஒரு தகுதி வேண்டும்.

காவிரிக்கரை: அம்மையாரா? ஹர்பிலாஸ் சாரதா ஆண், ஐயா. இதுகூடத் தெரியாமல் தகுதி பற்றிப் பேச வந்துவிட்டார். போன மாதம் கோயில் தேதி பற்றிய விவாதத்திலும் இதே உளறல்தான்.

பொன்வண்டு: கோயில் தேதியில் நான் சொன்னதுதான் சரி. அங்கே பதில் சொல்லாமல் ஓடியது யார்?

மல்லிகா: கோயிலை விடுங்கள். 1890-ல் கல்கத்தாவில் ஃபூல்மணி தாசி வழக்கு நடந்ததே, 10, 11 வயதுக் குழந்தை, புருஷன் கட்டாயப்படுத்தியதில் இரத்தம் கொட்டிச் செத்தாள். அவளுக்கு உங்கள் ‘அப்புறம்தான்’ எங்கே போனது? அதற்குப் பிறகுகூட 1891-ல் உடலுறவுக்கான சம்மத வயதை 10-லிருந்து 12 ஆக்கியதற்கே திலகர் எதிர்த்து நின்றார். சடங்கு மட்டும்தான் என்றால் எதற்கு அத்தனை ஆத்திரம்?

காவிரிக்கரை: வெள்ளைக்காரன் நம் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தான், அந்த ஆத்திரம். திலகரைத் தொடாதீர்கள். அதுவும் கல்கத்தா, நான் தஞ்சாவூரைப் பற்றிப் பேசுகிறேன்.

மல்லிகா: தஞ்சாவூரில் மாப்பிள்ளைகள் சாகவே இல்லையா? சாரதா சட்டம் 1930 ஏப்ரலில் அமலுக்கு வருகிறது என்றதும் அதற்குள் அவசர அவசரமாகக் கல்யாணம் செய்து வைத்தார்கள். பெண்ணுக்கு 14 என்ற வயதைக்கூடப் பொறுக்க முடியவில்லை. இப்போதும் 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வில், நாடு முழுவதும் 20–24 வயதுப் பெண்களில் 23.3 சதவீதம் பேர் 18-க்கு முன் கட்டிக்கொடுக்கப்பட்டவர்கள். தமிழ்நாட்டில் 12.8.

தாமரைக்குளம்: 12.8-ஐ வைத்துத் தமிழ்நாட்டை மட்டம் தட்ட வேண்டாம், மேற்கு வங்கத்தைப் பாருங்கள்.

மல்லிகா: நீங்கள் என் பக்கம் என்று நினைத்தேன்!

காவிரிக்கரை: பேச்சை மாற்றாதீர்கள். இத்தனை பதிவு போட்டும் நான் கேட்டதற்குப் பதில் இல்லை. அம்மா வீட்டில் இருந்தாளா, இல்லையா?

பொன்வண்டு: முதலில் கோயில் தேதிக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள்.