மார்வெல், டிசி என்ற இரண்டு அமெரிக்க காமிக்ஸ் நிறுவனங்களின் நாயகர்களில் யாரை யாரோடு சேர்ப்பீர்கள்?

வணக்கம் நண்பர்களே. 1976-ல் டிசியின் சூப்பர்மேனும் மார்வெலின் ஸ்பைடர்மேனும் சந்தித்த காமிக்ஸ் கதையை நேற்று ராத்திரி மறுபடி படித்தேன். சூப்பர்மேனின் எதிரி லெக்ஸ் லூதர் சிவப்புச் சூரியக் கதிரை ஸ்பைடர்மேன் மேல் பாய்ச்சிவிடுவான். அந்த பலத்தில் ஸ்பைடர்மேன் விடும் குத்தில் சூப்பர்மேன் பறந்து போய் விழுவார். ஆனால் எனக்குச் சண்டையை விட சூப்பர்மேன் கதையின் நிருபர் லோயிஸ் லேனும், முகமூடி இல்லாத ஸ்பைடர்மேனான பீட்டர் பார்க்கரும் சேர்ந்து ஒரு செய்தியைத் துரத்த வேண்டும் என்றுதான் ஆசை. அவள் எழுத, இவன் படம் எடுக்க, முகமூடியே இல்லாமல் ஒரு முழுக் கதை. உங்கள் ஜோடி யார்?

பதில் 1:
டிசியின் ஸ்வாம்ப் திங், மார்வெலின் மேன்-திங். இரண்டும் 1971-ல் சில வார இடைவெளியில் வந்த சதுப்பு நில உருவங்கள். ஒன்று லூசியானா, மற்றது ஃபுளோரிடா. மேன்-திங் தொட்டால் பயப்படுகிறவர்கள் எரிந்துபோவார்கள். ஸ்வாம்ப் திங் அதன் கையைப் பிடிக்கும் ஒரு பக்கம் போதும், வசனமே வேண்டாம்.

பதில் 2:
டிசியின் பேட்மேனும் மார்வெலின் கேப்டன் அமெரிக்காவும். 1996-ல் இருவரும் மோதிய காமிக்ஸில் வாசகர் ஓட்டில் பேட்மேன் ஜெயித்தார். எனக்கு அவர்கள் மோதவே வேண்டாம் சார், பக்கத்தில் நின்றாலே போதும்.

கேள்வி கேட்டவர்:
முதல் பதிலில் வரும் அந்தக் கைப்பிடியை நினைத்தாலே சிலிர்க்கிறது. அது மழையிலா, வெயிலிலா? நான் மழை என்கிறேன்.