ஷ்னிட்ஸ்லரின் ‘ரைகன்’: நீ, நீங்க சிக்கலுக்கு வழி சொல்லுங்கள்

வணக்கம். ஆஸ்திரிய எழுத்தாளர் ஆர்தர் ஷ்னிட்ஸ்லர் 1896–97இல் எழுதிய ‘ரைகன்’ நாடகத்தை ஜெர்மனிலிருந்து நேரடியாகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறோம். பத்து உரையாடல்கள். பாலியல் தொழிலாளியும் படைவீரனும் தொடங்கி, ஒவ்வொரு காட்சியிலும் ஒருவர் மாற, கடைசியில் பிரபு அதே பெண்ணிடம் வந்து வட்டம் மூடுகிறது. உடலுறவு நடக்கும் இடத்தில் பக்கத்தில் வெறும் கோடுகள்தான். கோட்டுக்கு முன்னும் பின்னும் பேச்சு எப்படி மாறுகிறது என்பதில்தான் நாடகத்தின் அறக்கேள்வியே இருக்கிறது.

சிக்கல் ஐந்தாம் காட்சியில். கணவன், மனைவி இருவருமே ‘டூ’ (நெருக்கமானவர்களிடம் சொல்லும் ஜெர்மன் ‘நீ’) போட்டுத்தான் பேசுகிறார்கள். தமிழில் அவள் ‘நீங்க’, அவன் ‘நீ’ என்றால் காதுக்கு இயல்பு. ஆனால் மூலத்தில் இல்லாத ஏற்றத்தாழ்வு சொல்லிலேயே ஏறிவிடும். முந்தைய காட்சியில் காதலனைச் சந்தித்து வந்தவளிடம் கணவன் ஒழுக்கம் போதிக்கிறான். அடுத்த காட்சியில் அவனே வேறொரு பெண்ணோடு தனியறையில். அந்தப் பொய்மை அவன் பேச்சிலிருந்து தெரியவேண்டும், விகுதியிலிருந்து அல்ல. இருவருக்கும் ‘நீ’ போட்டால் இன்றைய காதல் திருமணத் தம்பதி போல ஒலிக்கிறது. ‘போகலாமா’, ‘தூக்கம் வருதா’ என முன்னிலையைத் தவிர்த்தால் நாலு வரிக்கு மேல் தாங்கவில்லை.

இன்னொன்று, ‘ஸூஸஸ் மேடல்’. வியன்னா புறநகரின் எளிய குடும்பத்துப் பெண்ணை மேட்டுக்குடி ஆண்கள் அழைத்த பெயர். ‘இனிய பெண்’ என்றால் வர்க்கம் காணாமல் போகிறது.

மேடைக்கு மொழிபெயர்த்தவர்கள், எந்த வழி நடிகர் வாயில் நின்றது என்று ஓரிரு வரி உதாரணத்தோடு சொல்லுங்கள்.