அப்பா சொன்ன நெசவுக் கதை: செயற்கை நுண்ணறிவை எதுவரை கைவைக்க விடலாம்?

தறிக்காரர் மகள்:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பாவுக்கு 74 வயது. காஞ்சிபுரத்தில் பட்டுத்தறி நெய்தவர். அவர் பேசப் பேசக் கைபேசியில் 11 மணி நேரம் பதிவு செய்திருக்கிறேன். பேரப்பிள்ளைகள் படிக்கச் சிறு நூலாக்க வேண்டும் என்பது ஆசை. வேலைக்குப் போகிறவள் நான். ஞாயிற்றுக்கிழமை மட்டுமே நேரம். அதனால் பேச்சை எழுத்தாக்கி, ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்து "மெருகேற்றித் தா" என்றேன்.

அப்பா சொன்னது இது (தறிக்குழி என்பது நெய்கிறவர் காலை இறக்கி உட்காரும் குழி): "மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறிவிடும். கால் வைக்க முடியாது. அன்றைக்குத் தறி சும்மா. தறி சும்மா என்றால் அடுப்பும் சும்மா."

செயலி தந்தது இது: "பருவமழைக் காலங்களில் நெசவாளர்கள் பல்வேறு சவால்களை எதிர்கொண்டனர். இது அவர்களின் வாழ்வாதாரத்தை வெகுவாகப் பாதித்தது."

அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "நான் எங்கேயம்மா சவாலை எதிர்கொண்டேன்? விடிய விடியக் குழியில் தண்ணீர் இறைத்தேன்" என்றார். எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது.

இன்னொன்று. கோர்வைச் சேலையில் உடலும் கரையும் வேறு வேறு நிறம். மூன்று நாடா (குறுக்கு நூலைக் கொண்டுபோகும் கருவி) ஓடும். நெய்கிறவருக்கு வலப்பக்கம் ஒரு பையன் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். "எட்டு வயதில் அந்தப் பையன் நான்தான்" என்கிறார் அப்பா. செயலியோ அதைச் "சேலையைக் கோர்வையாக நெய்ய உதவினேன்" என்று மாற்றிவிட்டது. பையனையே காணோம்!

ஆனால் முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. அப்பா ஒரே சம்பவத்தை நான்கு நாட்களில் நான்கு விதமாகச் சொல்லியிருந்தார். அவற்றைத் தேடி ஓரிடத்தில் சேர்த்துக் கொடுத்தது அதுதான். எனக்கு அது ஒரு மாத வேலை. அப்பாவுக்குக் கண்ணும் மங்கி வருகிறது. காலம் கடத்த முடியாது. எழுத்தில் அவர் குரல் போகாமல் இதைப் பயன்படுத்த வழி உண்டா?

மெய்ப்புத் திருத்துநர்:

அம்மா, "மெருகேற்று" என்று கேட்டதில்தான் பிழை. அச்சகத்தில் 26 ஆண்டுகள் மெய்ப்புப் பார்த்தவன் நான். ஆசிரியரின் சொல்லை மாற்ற எங்களுக்கு உரிமை கிடையாது. பிழையைச் சுழித்து ஓரத்தில் எழுதலாம், அவ்வளவுதான். செயலியிடமும் அந்த வேலையை மட்டும் கொடுங்கள். "எதையும் திருத்தி எழுதாதே, ஐயமுள்ள இடங்களைச் சுட்டு" என்று சொல்லுங்கள். சுட்டியதையும் அப்படியே ஏற்க வேண்டாம். சந்தியில் அது அடிக்கடி தடுமாறும். வினைத்தொகையில் ஒற்று மிகாது. ஆனால் என்னிடம் ஒருமுறை "சுடுசோறு" என்பதைச் "சுடுச்சோறு" ஆக்கிக் கொடுத்தது.

"தறி சும்மா என்றால் அடுப்பும் சும்மா" என்ற வரியில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாதீர்கள்.

கணினிக்காரன்:

அக்கா, இது ஏன் நடக்கிறது என்று சொல்கிறேன். அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்துக் கணித்துத்தான் இந்தச் செயலிகளுக்குள் இருக்கும் மொழி மாதிரிகள் எழுதுகின்றன. அவை கற்ற எழுத்தில் ஆங்கிலம் மிகுதி, தமிழ் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்திலும் தறிக்குழியைப் பற்றி எத்தனை பேர் எழுதியிருப்பார்கள்? "சவால்களை எதிர்கொண்டனர்" என்பதோ எங்கும் கிடக்கிறது. கை அங்கேதான் போகும்.

தமிழுக்கு இடமும் கூடுதலாகத் தேவை. ஆங்கிலத்தில் 'லூம்' (தறி) நான்கு எழுத்து, நான்கு பைட் (கணினி சேமிப்பின் சிறு அலகு). யூனிகோடு முறையில் (யூடிஎஃப்-8) 'தறி' ஒன்பது பைட். நீளமாகக் கொடுத்தால் நடுவில் உள்ளதை நழுவவிடும். இரண்டு மூன்று பக்கமாகக் கொடுங்கள். பாவு, ஊடை, கோர்வை, அச்சு போன்ற தொழிற்சொற்களைப் பொருளோடு எழுதி, ஒவ்வொரு முறையும் முதலில் ஒட்டிவிடுங்கள்.

அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. எழுதச் சொல்லாதீர்கள், கேட்கச் சொல்லுங்கள். "தறியையே பார்க்காத ஒருவர் இதைப் படித்தால் என்னென்ன கேட்பார்?" என்று கேட்டுப் பாருங்கள். கடன், சண்டை என்று அப்பா பிறரைப் பற்றிச் சொன்ன இடங்களில் பெயர்களை நீக்கிவிட்டுக் கொடுங்கள்.

செங்கல்பட்டுப் பேரன்:

செயலியிடம் கொடுப்பதிலேயே எனக்கு உடன்பாடில்லை. என் பாட்டி பேசிய ஒலிநாடா ஒன்று இருக்கிறது. மூச்சு வாங்கும் இடம்கூட அதில் கேட்கும். முதலில் அந்தப் பதிவுகளை இரண்டு மூன்று இடங்களில் பத்திரப்படுத்துங்கள் சகோதரி. நூல் பிறகு வரட்டும்.

தறிக்காரர் மகள்:

எல்லோருக்கும் நன்றி. பதிவுகளைத் தம்பி வீட்டிலும் ஒரு படி வைத்துவிட்டேன்.

நேற்றுக் கோர்வைப் பகுதியை மட்டும் கொடுத்து, கேள்வி கேட்கச் சொன்னேன். ஒன்பது கேள்விகள் வந்தன. ஆறு பயனற்றவை. ஏழாவது இது: "வலப்பக்கம் உட்கார்ந்த பையனுக்குக் கூலி யார் கொடுத்தார்கள்?"

இத்தனை ஆண்டுகளில் நான் இதைக் கேட்டதே இல்லை. இரவு சாப்பிட்டு முடித்ததும் அப்பாவிடம் கேட்டேன். தட்டில் கை கழுவியவர் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு சொன்னார்: "கூலி ஏதம்மா? உன் தாத்தா முன்பணம் வாங்கியிருந்தார். நான் உட்கார்ந்து கழித்தேன். கழிந்து முடிந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது."

கைபேசியை எடுக்க மறந்துவிட்டேன். படுக்கப் போகும் முன் அவர் சொன்ன சொல் மாறாமல் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இதை எந்தச் செயலியிடமும் கொடுக்கப் போவதில்லை. நூலின் முதல் பக்கம் இதுதான்.